கதாபாத்திரத்துக்கு உடை, முடி, நிறம்: பார்த்ததும் ஆள் புரிய என்ன செய்கிறீர்கள்?

வெண்ணாறு:
எல்லோருக்கும் வணக்கம். ஒரு காமிக்ஸ் வரைந்துகொண்டிருக்கிறேன். நீடாமங்கலம் பக்கத்து ஊர் ஒன்றில் நடக்கிற கதை. ஆற்றில் முறை வைத்துத் தண்ணீர் விடுகிற நாட்களில் ஒரு மதகைச் சுற்றியே எல்லாம் நடக்கிறது. முக்கியமான ஆட்கள் ஐந்து பேர்: மதகைப் பார்த்துக்கொள்கிற லஸ்கர், ஓய்வு பெறப்போகிறவர். நடவுக்குப் போகிற ஒரு அம்மா. அந்த அம்மாவின் மகள், திருவாரூரில் கல்லூரி படிக்கிறாள். பழைய மிராசு வீட்டுப் பேரன், மிச்சம் இருக்கிற நிலத்தை விற்க சென்னையிலிருந்து வந்திருக்கிறான். அப்புறம் ஒரு நெல் வியாபாரி.

முகங்கள் நன்றாகவே வந்திருக்கின்றன, க்ளோசப்பில் ஐந்து பேரும் ஐந்து பேராக இருக்கிறார்கள். ஆனால் கட்டம் சிறிதானால், அல்லது ஆட்கள் வரப்பில் தூரமாக நடந்து வந்தால், யார் யாரென்றே தெரியவில்லை. அதனால் ஒரு வீடியோவில் சொன்னபடி குணத்துக்கு ஒரு நிறம் கொடுத்துப் பார்த்தேன். லஸ்கர் அமைதியானவர், நீலச் சட்டை. மகள் கோபக்காரி, சிவப்பு. வியாபாரிக்குக் கறுப்பு. பேரனுக்கு மஞ்சள். அம்மாவுக்குப் பச்சை. ஐந்து படங்களையும் இங்கே போட்டிருக்கிறேன். அடையாளம் தெரிகிறது, ஆனால் நம் ஊர் ஆட்களாகவே இல்லை. எங்கே பிசகுகிறது என்று சொல்லுங்கள்.

பிக்சல்_பட்டுக்கோட்டை:
நிறத்தைக் கொஞ்ச நேரம் மறந்துவிடுங்கள். ஐந்து பேரையும் வரிசையாக நிறுத்தி, தலை முதல் கால் வரை ஒரே கறுப்பால் நிரப்புங்கள். கண் மூக்கு எதுவும் வேண்டாம், வெளிக்கோடு மட்டும். இப்போது யார் யாரென்று வேறு ஒருவரால் சொல்ல முடிகிறதா? நான் விளையாட்டு நிறுவனத்தில் வேலை செய்கிறேன். அங்கே எந்தப் பாத்திரமும் இந்தச் சோதனையைத் தாண்டாமல் நிறத்துக்குப் போகாது. போன் திரையில் ஆள் கட்டைவிரல் நகம் அளவுக்குத்தான் இருப்பான், அந்த அளவில் சட்டைப் பித்தான் தெரியாது. தலையின் வடிவம், தோளின் வடிவம், கையில் என்ன இருக்கிறது, இந்த மூன்றும்தான் தெரியும்.

உங்கள் லஸ்கர் கையில் ஷட்டர் திருகுகிற அந்த நீள இரும்புக் கைப்பிடியைக் கொடுத்துப் பாருங்கள். பாதி வேலை முடிந்தது.

அடுத்தது, வண்ணம் கொடுத்த படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். நீலமும் சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பலாகிவிட்டால் நீங்கள் நிறத்தை மாற்றியிருக்கிறீர்களே தவிர வெளிச்சத்தை மாற்றவில்லை என்று அர்த்தம். ஒருவர் வெளிறி, ஒருவர் அடர்ந்து, ஒருவர் நடுவில் என்று இருந்தால்தான் கண் பிரித்துப் பார்க்கும்.

பேனல்பித்தன்:
மேலே சொன்னதற்கு நம் ஊர் உதாரணம் ஒன்று. முத்து காமிக்ஸ் 1972-ல் தொடங்கியபோது முதல் இதழின் நாயகன் இரும்புக்கை மாயாவி. அப்போதெல்லாம் அட்டைதான் கலர், உள்ளே கறுப்பு வெள்ளை. மின்சாரம் பாய்ந்தால் உடம்பு முழுக்க மறைந்துவிடும், இரும்புக்கை மட்டும் மறையாது. ஆளே இல்லாத கட்டத்தில் கை மட்டும் மிதக்கும், அதைப் பார்த்து நாங்கள் ஆளை முழுசாகப் புரிந்துகொண்டோம். உடை, முடி, நிறம் எதுவும் கிடையாது. ஒரே ஒரு பொருள்.

நிறத்தைப் பற்றியும் ஒன்று சொல்கிறேன். இந்த நிறம் இந்தக் குணம் என்று ரொம்ப இறுக்கிப் பிடிக்க வேண்டாம். பேண்டம் என்கிற அமெரிக்கக் காமிக்ஸ் நாயகன் 1936-ல் வந்தபோது அவன் உடை சாம்பல் என்றுதான் எழுதியவர் மனதில் இருந்தது. 1939-ல் ஞாயிறு வண்ணப் பக்கம் தொடங்கியபோது ஊதா அடித்துவிட்டார்கள். இத்தாலியில் அவன் சிவப்பு, ஸ்வீடன் பக்கம் நீலம். எல்லா ஊரிலும் பேண்டமாகத்தான் இருந்தான், ஏனென்றால் முகமூடியும் ஒட்டிய உடையும் மண்டையோட்டு மோதிரமும் எங்கும் மாறவில்லை. ஹல்க்கும் 1962-ல் முதல் இதழில் சாம்பல்தான். அச்சில் அந்தச் சாம்பல் பக்கத்துக்குப் பக்கம் வேறுவேறாக விழுந்ததால் பச்சையாக்கினார்கள். இன்றைக்கு அந்தப் பச்சையைக் கோபம் என்று விளக்கி எழுதுகிறார்கள்.

கும்பகோணம்_கோடு:
வெண்ணாறு தம்பி, நீங்கள் போட்ட ஐந்து படங்களையும் பார்த்தேன். கோடு நல்ல கோடு. ஆனால் ஐந்து பேருக்கும் உடையைப் போட்டுவிட்டிருக்கிறீர்கள், அவர்கள் அதைக் கட்டிக்கொள்ளவில்லை. கடைப் பொம்மைக்கு மாட்டிய மாதிரி நிற்கிறது. நம் டெல்டாவில் ஆளைக் காட்டுவது துணி கிடையாது தம்பி, துணியை அவன் வைத்திருக்கிற விதம்.

துண்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதே துண்டுதான். ஒருத்தர் தோளில் மடித்துப் போட்டிருப்பார், மடிப்புக் கலையாது, அவருக்கு அது வியர்வை துடைக்க இல்லை. இன்னொருத்தர் கழுத்தைச் சுற்றிப் போட்டிருப்பார், இரண்டு முனையையும் கையில் பிடித்தபடி பேசுவார். லோடுமேன் அதைச் சுருட்டிச் சும்மாடு ஆக்கியிருப்பார், மூட்டை இறங்கின பிறகும் அது தலையில் இருக்கும், எடுக்க மறந்திருப்பார். வரப்பில் நடக்கிறவர் தலைப்பாகையாகச் சுற்றியிருப்பார். பேங்க் மேனேஜர் அறைக்குள் போகும்போது அதே ஆள் தலையிலிருந்து எடுத்து அக்குளில் இடுக்கிக்கொள்வார். ஒரே ஆளை ஒரே துண்டை வைத்து நான்கு கட்டத்தில் நான்கு மனநிலையில் காட்டிவிடலாம். வசனமே தேவையில்லை.

இதில் வரலாறும் இருக்கிறது. கீழத்தஞ்சைப் பக்கம் பண்ணையாளாக இருந்தவர்கள் மிராசுதார் முன்னால் தோளில் துண்டு போட முடியாது, இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும். வேட்டி முழங்காலுக்குக் கீழே இறங்கக் கூடாது. 1940-களில் கம்யூனிஸ்ட் தலைவர் சீனிவாசராவ் போன்றவர்கள் செங்கொடிச் சங்கம் கட்டியபோது தோளில் துண்டு போட்டு நடப்பதே போராட்டத்தின் ஒரு பகுதியாக இருந்தது. உங்கள் கதையில் மிராசு வீட்டுப் பேரனும் இருக்கிறான், நடவுக்குப் போகிற அம்மாவின் மகளும் இருக்கிறாள். அப்படியிருக்க துண்டு எங்கே இருக்கிறது என்பதை நீங்கள் யோசிக்காமல் வரையவே முடியாது. அந்தப் பெண்ணின் தாத்தா இடுப்பில் கட்டிய துண்டு அது. பேரன் பழைய வீட்டு அலமாரியிலிருந்து தாத்தாவின் அங்கவஸ்திரத்தை விளையாட்டாக எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வயலுக்கு வந்தால், அவனுக்கு ஒன்றும் தெரியாது, அவளுக்கு எல்லாம் தெரியும். அந்த ஒரு கட்டத்துக்காகவே நான் உங்கள் காமிக்ஸை வாங்குவேன்.

திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை படத்தைத் தேடிப் பாருங்கள். நாதஸ்வரக்காரர் என்றால் குடுமி, வெற்றுடம்பு, பெரிய மனிதர்கள் முன்னால் இடுப்பில் துண்டு என்று இருந்த காலம். அவர் குடுமியை எடுத்துவிட்டுக் கிராப் வைத்தார், ஷெர்வானி போட்டார், ஷூ போட்டார். வாசிக்காமல் சும்மா உட்கார்ந்திருந்தாலும் அந்த உடையும் முடியும் ஒரு பதிலாக இருந்தன. குணத்தை உடையில் காட்டுவது என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அவர்தான்.

அரசலாறு:
அண்ணன் துண்டைச் சொல்லிவிட்டார், நான் புடவைக்கு வருகிறேன். நடவுக்குப் போகிற அம்மாவுக்குப் பச்சைப் புடவை, கொசுவம் பிசகாமல், தலை வாரிப் பொட்டு வைத்து... தம்பி, நீங்கள் நடவு நடக்கிற வயலில் இறங்கிப் பாருங்கள். புடவையைத் தூக்கிச் செருகியிருப்பார்கள், அதற்கு மேலே ஆம்பளை முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு. சட்டை பெரும்பாலும் வீட்டுக்காரருடையது, பழசு. வெயிலுக்கும் சுணைக்கும் அதுதான் கவசம். தோள் இறங்கித் தொங்கும், கை நீளமாக இருக்கும், மடித்துவிட்டிருப்பார்கள். புடவை பாலியஸ்டர், எத்தனை தடவை அலசினாலும் வெளுக்காது, பூ எல்லாம் பளிச்சென்று இருக்கும். சட்டை பருத்தி, காலர் மடிப்பில் மட்டும் பழைய நிறம் மிஞ்சியிருக்கும். இந்த இரண்டும் சேர்ந்துதான் அந்த அம்மாவின் நிறம். எந்த வீடியோவிலும் இந்த ஜோடி வராது.

அந்தச் சட்டை யாருடையது? கணவர் இருக்கிறாரா? இல்லாதவர் என்றால் அந்தச் சட்டைப்பையில் என்ன வைத்திருப்பார்? சுருக்குப் பையையா, போனையா? ஒரு சட்டையில் இவ்வளவு கதை இருக்கும்போது நிறத்தை வைத்துக் குணம் காட்ட எதற்குக் கஷ்டப்பட வேண்டும்.

முடியை முழுக்க மறைத்தே வையுங்கள். வயலில் எல்லாக் கட்டத்திலும் தலையில் துண்டு. ஒரே ஒரு காட்சியில், சாயங்காலம் தலைக்குக் குளித்துவிட்டு முடியை விரித்துப்போட்டுத் திண்ணையில் உட்காரட்டும். அதுவரை பார்க்காத முடியை வாசகர் அங்கேதான் முதலில் பார்க்க வேண்டும். மகளே அம்மாவை அப்படிப் பார்த்து ரொம்ப நாளாகியிருக்கும்.

பாம்படம் போட்டிருக்கிறீர்களே, அதை எடுத்துவிடுங்கள். அது தெக்கத்திப் பாட்டிகளின் அடையாளம், மதுரைக்குத் தெற்கே போய்விடும் உங்கள் கதை. சின்னத் தோடு, இரண்டு பக்கமும் மூக்குத்தி போதும்.

சாலியமங்கலத்தான்:
எனக்கு இதில் கொஞ்சம் மாற்றுக்கருத்து உண்டு. நீங்கள் எல்லோரும் இருப்பதை அப்படியே வரையச் சொல்கிறீர்கள். காமிக்ஸ் போட்டோ இல்லையே. பெரிதாக்கினால்தான் பாத்திரம். எங்கள் ஊரிலும் மெலட்டூரிலும் நரசிம்ம ஜயந்தியை ஒட்டி பாகவத மேளா நடக்கும். ராத்திரி முழுக்க, பெண் வேஷமும் ஆண்களே கட்டுவார்கள். இரணியன் மேடைக்கு வந்தால் கிரீடம், தோள், நகை எல்லாமாகச் சேர்ந்து ஆளே இரண்டு மடங்காகத் தெரிவான். நரசிம்மருக்கு முகமூடி, அதைக் கோயிலில் வைத்துப் பூஜை செய்கிறார்கள், அதைப் போடுகிறவர் விரதம் இருக்கிறார். கடைசி வரிசையில் பாதித் தூக்கத்தில் இருக்கிற சின்னப் பிள்ளைக்கும் யார் வந்தார்கள் என்று தெரியும். கூத்தில் துரியோதனன் முகத்தில் சிவப்பைப் பார்த்துவிட்டு யாரும் இவன் யார் என்று கேட்பதில்லை. கதகளியில் பச்சை முகம் என்றால் நாயகன், அவ்வளவுதான்.

நிறத்துக்குக் குணம் கொடுப்பதில் தப்பே இல்லை என்பது என் வாதம். வெண்ணாறு தம்பி செய்தது சரியான வழிதான், இன்னும் துணிந்து செய்ய வேண்டும்.

கும்பகோணம்_கோடு:
அண்ணே, கூத்தில் சிவப்பு வேலை செய்வது, பார்க்கிறவர்களுக்கும் கட்டுகிறவர்களுக்கும் அது தலைமுறையாகப் பேசிவைத்த விஷயம் என்பதால். கருத்தில் நாம் ரொம்ப தூரம் இல்லை. நான் கேட்பது ஒன்றுதான். இன்றைக்கு டெல்டாவில் நிறங்களுக்கு ஜனங்கள் ஏற்கெனவே என்ன அர்த்தம் வைத்திருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு நிறம் கொடுக்க வேண்டாமா?

நெல் வியாபாரிக்குக் கறுப்புச் சட்டை. மன்னார்குடியில் யாரிடமாவது அந்தப் படத்தைக் காட்டுங்கள். வில்லன் என்று சொல்லமாட்டார்கள். திராவிடர் கழகமா, இல்லை ஐயப்பனுக்கு மாலை போட்டிருக்கிறாரா என்று கேட்பார்கள். கார்த்திகை மாதம் என்றால் செருப்பு இருக்கிறதா என்று காலைப் பார்ப்பார்கள். மகளுக்கு மேலிருந்து கீழ்வரை சிவப்பு, மேல்மருவத்தூர் போகிற பெண் என்றுதான் படிப்பார்கள். காவி போட்டு நடந்தால் ஆகஸ்ட் கடைசியில் அது வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்களின் நிறம், சாமியார் நிறம் இல்லை. பச்சைத் துண்டு விவசாய சங்கம், சிவப்புத் துண்டு செங்கொடி. வேட்டிக் கரையில் கறுப்பு சிவப்பா, நடுவில் வெள்ளையும் இருக்கிறதா என்பதை நம் ஊரில் ஐந்து வயசுப் பிள்ளை பிரித்துச் சொல்லும்.

இதெல்லாம் இடைஞ்சல் இல்லை, கையில் கிடைத்த சொத்து. வியாபாரி சாதாரண வெள்ளை வேட்டியில் வரட்டும். கொள்முதல் நிலையம் திறக்கவில்லை என்று சாலை மறியல் நடக்கும்போது அதே ஆள் பச்சைத் துண்டோடு முன்வரிசையில் நிற்கட்டும். குறைந்த விலைக்கு வாங்கிச் சேர்க்கிறவர் அவர்தான் என்று வாசகருக்குத் தெரியும். ஒரு துண்டு மாறியதில் ஆள் முழுக்கத் தெரிந்துவிடுகிறார்.

பிக்சல்_பட்டுக்கோட்டை:
வியாபாரிக்குக் கையில் மூட்டையைக் குத்தி நெல் எடுத்துப் பார்க்கிற குத்தூசி. சட்டைப்பை மெல்லிசு வெள்ளை, உள்ளே ரூபாய் நோட்டு தெரிய வேண்டும். முடி எண்ணெய் வைத்துப் பின்னால் வாரியது, காற்றில் அசையாது. மற்றவர்கள் முடியெல்லாம் காற்றில் பறக்கிற காட்சியில் இவர் தலை மட்டும் அப்படியே இருக்கட்டும்.

சாலியமங்கலத்தான்:
பச்சைத் துண்டு விஷயம் எனக்குப் பிடித்திருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். அப்புறம் பெரிதாக்குவதற்கு இடம் எங்கே என்று யோசித்துப் பார்த்தேன். அம்மாவின் சட்டையை இன்னும் பெரிதாக்குங்கள். தோள் முழங்கை வரை இறங்கட்டும். அங்கே துணிவு காட்டலாம்.

அரசலாறு:
ஆமாம் அண்ணே, அதைச் செய்யலாம். இருக்கிற பொருளை எடுத்துப் பெரிதாக்கினால் யாருக்கும் உறுத்தாது.

காவிரிக்கரை_மாணவி:
கொஞ்சம் வேறு கோணம். முடி பற்றிப் பேசும்போது தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்துக்கு ஒரு நாள் போய்விட்டு வாருங்கள். திருவெண்காட்டில் கிடைத்த ரிஷபவாகனர் வெண்கலச் சிலை அங்கே இருக்கிறது, 1011-ல் செய்தது. பக்கத்தில் இருக்க வேண்டிய காளை இல்லை. ஆனால் கை ஒயிலாக மடங்கி, காளையின் மேல் சாய்ந்திருக்கிற அதே நிலையில் இருக்கிறது, கால் ஒன்றை ஒன்று தாண்டி நிற்கிறது, நமக்குக் காளை தெரிகிறது. தலையைப் பாருங்கள். சடையையே தலைப்பாகை மாதிரி சுற்றியிருக்கிறார்கள், நடுவில் பாம்பு நெளிகிறது. மாடு மேய்க்கிற இளைஞன் துண்டைச் சுற்றிக்கொண்டு மாட்டின்மேல் சாய்ந்து நிற்பான் இல்லையா, அந்த ஆள் சாட்சாத் சிவன்.

இதே சிவன் தாண்டவம் ஆடினால் சடை இரண்டு பக்கமும் விரிந்து பறக்கும், அதில் கங்கை இருப்பாள். பிச்சாடனராகப் போனால் தலையைச் சுற்றி வட்டமாக விரிந்து நிற்கும். சோமாஸ்கந்தராக உமையோடும் பிள்ளையோடும் உட்கார்ந்தால் அதே சடையை உயர்த்திக் கட்டிக் கிரீடமாக்கிவிடுவார்கள். ஆள் ஒருவர், முடி மாறுகிறது, மனநிலை மாறுகிறது. ஒரு காதில் தோடு, ஒரு காதில் குழை, அதிலேயே பாதி அம்மை பாதி அப்பன் என்று தெரிந்துவிடும். சீர்காழியில் சம்பந்தர் பாடத் தொடங்கும்போது முதலில் சொன்ன அடையாளமும் அந்தத் தோடுதான். சோழர் காலத்துச் சிற்பி வெண்கலத்தில் வேலை செய்தார், நிறமே கிடையாது அவருக்கு.

வெண்ணாறு:
நீங்கள் எல்லோரும் சொன்னதைப் படித்துவிட்டு மறுபடி உட்கார்ந்து வரைகிறேன். லஸ்கரின் முடியைப் பற்றி ஒன்று தோன்றியது. அவர் தலைக்கு மை அடிக்கிறவர். தலையும் மீசையும் கன்னங்கறுப்பு, சட்டைப் பித்தான் திறந்த இடத்தில் நெஞ்சு முடி வெள்ளை. ஓய்வு பெறும் நாள் நெருங்க நெருங்க அடிக்காமல் விட்டுவிடுகிறார், வகிட்டில் வெள்ளைக் கோடு ஒவ்வொரு அத்தியாயத்திலும் அகலமாகிறது. நாள் ஓடுகிறது என்பதற்கு இதையே வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன்.

பேரனுக்கு வெல்க்ரோ ஒட்டுகிற வேட்டி. முதல் அத்தியாயம் முழுக்க வரப்பில் நடக்கும்போது ஒரு கையால் வேட்டியைப் பிடித்துக்கொண்டே நடக்கிறான்.

இரண்டு சந்தேகம். ஒன்று, வயல் பச்சைக்கு முன்னால் எந்த நிறம் நிற்கும்? இரண்டு, தோல் நிறம்.

கும்பகோணம்_கோடு:
மை அடிக்கிற லஸ்கர் அருமை. அப்படியே விட்டுவிடாதீர்கள்.

பச்சையைப் பற்றி: எந்த மாதம் என்று முதலில் முடிவு செய்யுங்கள். மேட்டூர் ஜூன் 12-ல் திறந்து குறுவை நடவு நடக்கிற நாள் என்றால் வயலில் பச்சையே கிடையாது. சேறும் அதில் தெரிகிற வானமும்தான். நாற்றங்கால் மட்டும் ஓரமாகக் கிளிப்பச்சையில் கண்ணைப் பறிக்கும். நட்டு ஒரு மாதத்தில் எல்லாத் திசையும் பச்சை. சம்பா அறுத்த பிறகு வைக்கோல் நிறம், தரிசில் உளுந்து கிளம்பும்போது அதில் புள்ளி புள்ளியாக ஒரு மங்கல் பச்சை. உங்கள் கதை நடவில் தொடங்கிப் பயிர் நிற்கிற வரை போகிறது என்றால், அம்மாவின் பச்சைப் புடவை பாதியில் வயலோடு கரைந்துபோகும். முதலில் சேற்றின் பழுப்பு, பிறகு பச்சை, இரண்டின் முன்னாலும் நிற்க வேண்டும். வாடாமல்லி நிற்கும். அரக்கு சேற்றில் கொஞ்சம் அமுங்கும், பச்சையில் எழும். வெள்ளை இரண்டிலும் நிற்கும், அதனால்தான் வெள்ளை வேட்டிக்காரர் அரை மைல் தூரத்தில் வந்தாலும் வயலில் இருப்பவர்களுக்குத் தெரிகிறது.

அரசலாறு:
நிறத்துக்கு இன்னொரு வழி. நான் திருபுவனத்தில் தறிச்சத்தத்தில் வளர்ந்தவள். ஒரு பட்டுப்புடவையில் உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒன்று, முந்திக்குச் சில சமயம் மூன்றாவது ஒன்று. எது எவ்வளவு என்ற அளவு அதிலேயே இருக்கிறது. உடல் நிறையப் பரவும், கரை கொஞ்சம், முந்தி ஒரு இடத்தில் கனமாக. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் அந்த அளவில் மூன்று நிறம் எடுத்துக்கொள்ளுங்கள். மாம்பழ மஞ்சள் உடல், அரக்குக் கரை. மயில்கழுத்து உடல், வாடாமல்லிக் கரை. எலுமிச்சைக்கு ராமர் பச்சை. எம்.எஸ். ப்ளூ என்று கேட்டால் கடைக்காரர் எந்த நீலம் என்று கேட்கமாட்டார், எடுத்துப் போடுவார். கணினியில் வண்ணச் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருப்பதற்குக் கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக்கடை கல்லா ஓரம் உட்கார்ந்து பாருங்கள், முகூர்த்த நாளுக்கு முந்தின வாரம்.

மகளுக்கு வேண்டுமானால் சுடிதார் மங்கலாக இருக்கட்டும், நிறத்தைப் பின்னலில் வையுங்கள். தஞ்சாவூர்க் கதம்பம் ஒரு முழம், அல்லது கனகாம்பரம். கோபம் வந்த காட்சியில் அதைப் பிய்த்துப் போடட்டும்.

காவிரிக்கரை_மாணவி:
தோல் நிறம் பற்றி நான் பேசியே ஆக வேண்டும், ஏனென்றால் முதல் படங்களைப் பார்த்ததும் எனக்குச் சுருக்கென்றது. பேரன் வெளுப்பு, மகள் வெளுப்பு, அம்மா மாநிறம், வியாபாரியும் லஸ்கரும் கறுப்பு. அம்மாவை விட மகள் எப்படி அவ்வளவு வெளுப்பு? நாயகி என்பதாலா? நானும் இதே ஊர்க்காரி, கறுப்பு. பஸ்ஸில் என்னோடு வருகிற தோழிகளும் அப்படித்தான். நல்லவர்களையும் அழகானவர்களையும் வெளுக்கவைக்கிற பழக்கம் எல்லாப் படக்கதையிலும் இருக்கிறது, உங்கள் கதையில் அது வந்தால் துண்டைப் பற்றிப் பேசினதெல்லாம் வீண்.

பிக்சல்_பட்டுக்கோட்டை:
முழுக்க ஒத்துப்போகிறேன். வேலை ரீதியாகவும் கறுப்புத் தோல் வரைய நன்றாக வரும், பலர் நிழலுக்கு வெறும் கறுப்பைக் கலந்து அழுக்காக்கிவிடுகிறார்கள். அடிப்படை நிறத்தில் கொஞ்சம் சிவப்பு இருக்கட்டும். நிழலுக்கு அரக்கோ கருநீலமோ கலந்து அடியுங்கள். வெளிச்சம் விழுகிற இடத்தில் வானத்தின் நிறம் வர வேண்டும். கறுப்புத் தோல் சுற்றி இருப்பதைப் பிரதிபலிக்கும், நடவு வயலில் கீழே தண்ணீர் இருப்பதால் தாடைக்கு அடியிலும் வெளிச்சம் வரும். மாம்பழ மஞ்சள், வெள்ளை, ரத்தச்சிவப்பு எல்லாம் அந்தத் தோலின் மேல் எழுந்து நிற்கும். வெளுத்த தோலில் அதே மஞ்சள் செத்துப்போகும்.

வெண்ணாறு:
மாணவி சொன்னது உறைத்தது. மகளை மறுபடி வரைந்துவிட்டேன், அம்மாவின் நிறம், அம்மாவின் தாடை. ஒற்றைப் பின்னல், ரப்பர் பேண்டு, காதில் சின்ன ஜிமிக்கி. இந்த முகத்தில்தான் அவளுடைய கோபம் நம்புகிற மாதிரி இருக்கிறது. சிவப்பு தேவைப்படவில்லை.

அங்கவஸ்திரக் காட்சியில் ஒன்று கேட்கிறேன். பேரன் தோளில் போட்டுக்கொண்டு வருகிறான். அந்த நேரத்தில் லஸ்கர் அங்கே இருந்தால் அவர் துண்டு எங்கே இருக்க வேண்டும்?

கும்பகோணம்_கோடு:
லஸ்கர் அரசாங்க உத்தியோகம், அவர் யாருக்கும் பண்ணையாள் இல்லை. துண்டு தோளில்தான் இருக்கும். ஆனால் அவர் அப்பா இருந்திருப்பார் இல்லையா? மிராசு வீட்டு உடை வரப்பில் வருவதைத் தூரத்தில் பார்த்ததும், முகம் தெரிவதற்கு முன்னால், அவர் கை தானாகத் தோளுக்குப் போகட்டும். துண்டைப் பாதி இழுத்துவிடட்டும். பேரனின் முகம் தெரிந்ததும் கை அங்கேயே நிற்கட்டும். அதை மகள் பார்க்க வேண்டும். மூன்று கட்டம், வசனம் வேண்டாம். இரண்டாவது கட்டத்தில் கையை மட்டும் வரையுங்கள், துண்டின் நூல் தெரிகிற அளவுக்குக் கிட்டத்தில்.

கோபுலு வரைந்த படங்களைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். தஞ்சாவூரில் பிறந்து நம் கும்பகோணம் ஓவியப் பள்ளியில் படித்தவர். விகடனில் அவர் வரைந்த கல்யாணக் கூட்டம், கச்சேரிக் கூட்டம் எதையாவது எடுத்து ஒவ்வொரு ஆளாகப் பாருங்கள். ஒருத்தர் துண்டு மாதிரி இன்னொருத்தர் துண்டு இருக்காது.

பேனல்பித்தன்:
அச்சுக்குப் போவதற்கு முன் ஒன்று. வாடாமல்லி, மயில்கழுத்து மாதிரி நிறங்கள் திரையில் ஜொலிக்கும், நான்கு வண்ண அச்சில் மங்கிவிடும். மூன்று பக்கத்தை அதே தாளில் அடித்துப் பார்த்துவிட்டு மொத்தப் புத்தகத்துக்கும் நிறத்தை முடிவு செய்யுங்கள். லஸ்கர் வகிட்டின் வெள்ளைக் கோடும் மெல்லிசுத் தாளில் காணாமல் போகலாம், கொஞ்சம் அகலமாகவே தொடங்குங்கள்.

சாலியமங்கலத்தான்:
வெண்ணாறு தம்பி, அந்த மூன்று கட்டத்தை முதலில் வரைந்து இங்கே போடுங்கள். பேரனின் வேட்டி அந்தக் காட்சியிலும் வெல்க்ரோதானா என்று சொல்லுங்கள். தாத்தாவின் அங்கவஸ்திரம் மேலே, வெல்க்ரோ கீழே என்றால் என் ஓட்டு அதற்குத்தான்.

வெண்ணாறு:
வெல்க்ரோதான் அண்ணே. ஞாயிற்றுக்கிழமைக்குள் போடுகிறேன்.